கிட்னி பாதிப்பும் சீரற்ற இதயத் துடிப்பும் சேர்ந்திருந்தால்: ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்து கவுண்டரில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். டாக்டர் அறையில் கேட்காமல் விட்ட கேள்வியெல்லாம் மாத்திரைப் பட்டையைக் கையில் வாங்கும்போதுதான் வெளியே வரும். கிட்னி பாதிப்பும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற துடிப்புக் கோளாறும் சேர்ந்திருப்பவர்களும், அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். இதில் வரும் அளவுகளெல்லாம் விஷயம் புரிவதற்காக. படித்துவிட்டு யாரும் சொந்தமாக டோஸை மாற்ற வேண்டாம்.

துடிப்புதானே தாறுமாறா இருக்கு? அதுக்கு எதுக்கு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை?

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரிவதில்லை, வெறுமனே அதிர்ந்துகொண்டிருக்கும். அதனால் ரத்தம் முழுசாக வெளியேறாமல் தங்கிப்போகும். இடது மேலறையின் ஓரத்தில் பை போல ஒரு சின்ன மடிப்பு உண்டு. வால்வு நோய் இல்லாதவர்களிடம் உருவாகும் ரத்தக்கட்டிகளில் பத்துக்கு ஒன்பது அந்த மடிப்பில்தான் உருவாகின்றன. அது பிய்ந்து மூளைக்குப் போய் ரத்தக்குழாயை அடைத்தால் பக்கவாதம். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் ஐந்து மடங்கு.

துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் மாத்திரை வேறு, இது வேறு. நாடி நிதானத்துக்கு வந்துவிட்டது என்பதற்காகக் கட்டி உருவாகாமல் போய்விடாது.

படபடப்பு எப்பவோ ஒரு தடவைதான் வருது. அதுக்குத் தினமும் போடணுமா?

போடணும். விட்டுவிட்டு வரும் வகையிலும் பக்கவாத அபாயம் இருக்கிறது. அதோடு, படபடப்பே தெரியாமல் வந்துபோகும் நேரங்களும் உண்டு. நெஞ்சுக்குள் ஒன்றும் தோன்றவில்லை என்றால் துடிப்பு சீராகத்தான் இருந்தது என்று சொல்ல முடியாது. மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்பதை வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயச் செயலிழப்பு, முன்பு வந்த பக்கவாதம் போன்றவற்றைக் கூட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். படபடப்பு எத்தனை முறை வருகிறது என்பது அந்தக் கணக்கிலேயே இல்லை.

கிட்னி கெட்டா ரத்தக்கசிவு வரும்னு சொல்றாங்களே. அப்ப இந்த மாத்திரை போடவே கூடாதுதானே?

கேள்வியின் முதல் பாதி சரி. கிட்னி வடிகட்டாத கழிவுகள் ரத்தத்தில் சேரும்போது ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் சரியாக ஒட்டிக்கொள்ளாது. அதனால் ரத்தக்கசிவு எளிதில் வரும். கிட்னி நோயாளிகளுக்கு ரத்தசோகையும் இருக்கும், ரத்த அழுத்தமும் கூடவே இருக்கும். இரண்டும் நிலைமையை மோசமாக்கும்.

ஆனால் அதே கிட்னி நோய் ரத்தம் உறைவதையும் கூட்டுகிறது. ரத்தக்குழாயின் உள்சுவர் கெடுகிறது, அழற்சி கூடுகிறது, உறைதலைத் தூண்டும் பொருட்கள் ரத்தத்தில் அதிகமாகின்றன. ஆக, ஒரே ஆளுக்குக் கசிவு பயமும் உண்டு, உறைவு பயமும் உண்டு. கசிவு கண்ணுக்குத் தெரியும், உறைவு தெரியாது. அதனாலேயே வீட்டில் எல்லோரும் கசிவை மட்டும் நினைத்துப் பயந்து மாத்திரையை நிறுத்துகிறார்கள்.

கிட்னி லேசாகவோ நடுத்தரமாகவோ பாதித்தவர்களுக்கு இந்த மாத்திரைகளால் ஆபத்தைவிட நன்மை கூடுதல் என்பது பெரிய ஆய்வுகளில் தெளிவாகிவிட்டது. கடைசிக் கட்டத்தில் இருப்பவர்கள் கதை வேறு. அதை டயாலிசிஸ் கேள்வியில் பார்க்கலாம். நான் பார்த்தவரை, மாத்திரையைச் சரியாகப் போட்டதால் வந்த சிக்கலைவிட, கிட்னி அளவு மாறிய பிறகும் யாரும் டோஸைத் திரும்பப் பார்க்காததால் வந்த சிக்கல்தான் அதிகம்.

இதுல எத்தனை வகை இருக்கு? கிட்னிக்கு எது நல்லது?

பழையது வார்ஃபரின். 1950-களிலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யின் வேலையைத் தடுக்கும், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை பார்த்து அளவை ஏற்றி இறக்க வேண்டும். அந்த எண் 2-க்கும் 3-க்கும் இடையில் இருப்பது இலக்கு. புதியவை நான்கு: டாபிகாட்ரான், ரிவரோக்சபான், அபிக்சபான், எடோக்சபான். இவற்றுக்கு ஐ.என்.ஆர். பார்க்க வேண்டாம்.

கிட்னி நோயாளிக்கு முக்கியமான வித்தியாசம், மருந்து எந்த வழியாக உடம்பை விட்டு வெளியேறுகிறது என்பதுதான். டாபிகாட்ரானில் சுமார் 80 சதவீதம் கிட்னி வழியாகப் போகிறது. எடோக்சபான் பாதி, ரிவரோக்சபான் மூன்றில் ஒரு பங்கு, அபிக்சபான் கால் பங்கைவிடச் சற்றுக் கூடுதல். கிட்னி மந்தமானால் எது அதிகம் தேங்கும் என்பது இதிலிருந்தே தெரியும். கிட்னி பாதித்தவர்களுக்கு டாக்டர்கள் பெரும்பாலும் அபிக்சபான் பக்கம் போவது இதனால்தான். 2011-இல் வெளியான அரிஸ்டாட்டில் ஆய்வில் அபிக்சபானை வார்ஃபரினோடு ஒப்பிட்டபோது, பெரிய ரத்தக்கசிவு குறைந்தது கிட்னி பாதித்தவர்களிடம்தான் அதிகமாகத் தெரிந்தது.

இதில் ஒரு விதிவிலக்கு: உலோகச் செயற்கை வால்வு பொருத்தியவர்களுக்கும், மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கிப்போனவர்களுக்கும் வார்ஃபரின்தான். பக்கத்து வீட்டுக்காரர் புதுசுக்கு மாறிவிட்டார் என்பதற்காக இவர்கள் மாறக் கூடாது.

கிரியாட்டினின் 1.2தான். ரிப்போர்ட்ல நார்மல்னு போட்டிருக்கு. அப்புறம் ஏன் கிட்னி சரியில்லைன்னு டோஸைக் குறைக்கிறாங்க?

கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, கிட்னிதான் அதை வெளியேற்றும். தசை வற்றிப்போன முதியவரிடம் அது உருவாவதே குறைவு. அதனால் கிட்னி கெட்டிருந்தாலும் எண் அழகாகத்தான் தெரியும். இந்த மருந்துகளின் டோஸுக்கு டாக்டர்கள் பார்ப்பது கிரியாட்டினின் கிளியரன்ஸ், அதாவது கிட்னி எவ்வளவு வேகமாக வடிகட்டுகிறது என்ற மதிப்பீடு. கணக்கு இதுதான்: 140-லிருந்து வயதைக் கழித்து, கிலோவில் எடையால் பெருக்கி, அதை 72-ஐக் கிரியாட்டினினால் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். பெண்கள் என்றால் வந்த விடையை 0.85-ஆல் பெருக்க வேண்டும்.

போட்டுப் பார்க்கலாம். 40 வயது, 75 கிலோ எடை, கிரியாட்டினின் 1.2 உள்ள ஆணுக்கு விடை சுமார் 87. அதே 1.2, ஆனால் 80 வயது, 48 கிலோ எடையுள்ள பாட்டிக்கு 28. ரிப்போர்ட்டில் இரண்டு பேருக்கும் ஒரே எண், ஒரே 'நார்மல்'. மருந்து தேங்குவதில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இன்னொன்று. லேப் ரிப்போர்ட்டில் தானாகவே அச்சாகும் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற எண், சராசரி உடலளவுக்குப் பொருத்திப் போடப்படுவது. ஒல்லியானவர்களுக்கு அது கிட்னியை உண்மையைவிட நன்றாகக் காட்டிவிடும். பெரிய ஆய்வுகளில் டோஸ் வகுத்தது கிளியரன்ஸ் கணக்கை வைத்துத்தான். அதனால் டாக்டரிடம் போகும்போது இப்போதைய எடையைச் சொல்லுங்கள். போன வருஷத்து எடை வேண்டாம். கிட்னி நோயில் எடை ஏறும், இறங்கும்.

பாதி மாத்திரை போட்டா ரெண்டு பக்கமும் சேஃப்தானே?

இல்லை. இந்த யோசனை எல்லோருக்கும் வரும், சில சமயம் டாக்டர்களுக்கும் வரும். குறைத்த டோஸ் யாருக்கு என்று ஒவ்வொரு மருந்துக்கும் தனி விதி இருக்கிறது. அபிக்சபானுக்கு வழக்கமான அளவு 5 மி.கி., இரண்டு வேளை. வயது 80 அல்லது மேல், எடை 60 கிலோ அல்லது கீழ், கிரியாட்டினின் 1.5 அல்லது மேல்: இந்த மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தினால்தான் 2.5 மி.கி. 70 வயது, 70 கிலோ, கிரியாட்டினின் 1.7 உள்ளவருக்கு ஒன்றுதான் பொருந்துகிறது. அவருக்கு முழு டோஸ்தான். அவருக்குப் பாதி கொடுத்தால் பக்கவாதத் தடுப்பு போதாமல் போகும். ரத்தக்கசிவாவது அந்த அளவுக்குக் குறையுமா என்றால், அதற்கும் உத்தரவாதமில்லை. கிளியரன்ஸ் 30-க்கும் கீழே போனவர்களுக்குப் பல நாடுகளில் இந்த மூன்று அம்சங்களையும் பார்க்காமலே டோஸைக் குறைக்கிறார்கள். அது தனிக் கணக்கு.

ரிவரோக்சபான் வழக்கமாக 20 மி.கி. ஒரு வேளை, கிளியரன்ஸ் 50-க்குக் கீழே வந்தால் 15. எடோக்சபான் 60, கிளியரன்ஸ் 50 அல்லது அதற்குக் கீழ், அல்லது எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ் என்றால் 30. டாபிகாட்ரானைக் கிளியரன்ஸ் 30-க்குக் கீழே போனால் பல நாடுகளில் கொடுப்பதே இல்லை. உங்கள் சீட்டில் குறைந்த டோஸ் எழுதியிருந்தால், 'எந்தக் காரணத்துக்காகக் குறைத்திருக்கிறீர்கள்?' என்று கேட்பதில் தப்பே இல்லை.

எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை கிட்னி டெஸ்ட் எடுக்கணும்?

எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. கிளியரன்ஸ் 60 அல்லது அதற்குக் கீழே இருந்தால், அந்த எண்ணைப் பத்தால் வகுங்கள்; வருகிற விடை எத்தனையோ அத்தனை மாதத்துக்கு ஒரு தடவை. 40 என்றால் நான்கு மாதம், 30 என்றால் மூன்று மாதம். கூடவே ஹீமோகுளோபினும் பாருங்கள். வெளியே தெரியாத கசிவு அதில்தான் முதலில் தெரியும்.

ரெண்டு நாளா வாந்தி, வயித்துப்போக்கு. மாத்திரையைப் போடலாமா?

அன்றைக்கே டாக்டரைக் கேட்க வேண்டிய கேள்வி இது. மேலே சொன்ன மாதக் கணக்கெல்லாம் உடம்பு சாதாரணமாக இருக்கும் காலத்துக்கு மட்டும். நீர்ச்சத்து வற்றினால் பாதித்த கிட்னி ஓரிரு நாளிலேயே சட்டென்று இறங்கிவிடும். போன மாதம் பொருத்தமாக இருந்த டோஸ் இன்று அதிக டோஸ். நீர் பிரிக்கும் மாத்திரையும், சில ரத்த அழுத்த மாத்திரைகளும் சேர்ந்திருந்தால் இன்னும் வேகமாக இறங்கும்.

வார்ஃபரின் எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். சாப்பாடு இறங்காத நாட்களில் வைட்டமின் கே வரவு நின்றுபோய் ஐ.என்.ஆர். எகிறும். எந்த மருந்தாக இருந்தாலும், நீங்களாக நிறுத்தாமல், நீங்களாகத் தொடராமல், கிரியாட்டினின் ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவெடுப்பதுதான் சரி.

இவ்வளவு வம்பு எதுக்கு? ஆஸ்பிரின் போட்டா போதாதா?

போதாது. இதயத்தின் மேலறையில் உருவாகும் கட்டிக்கு ஆஸ்பிரினின் தடுப்பு மிகக் குறைவு. வார்ஃபரின் ஒத்துவராதவர்களுக்கு ஆஸ்பிரினா அபிக்சபானா என்று ஒப்பிட்ட அவெரோஸ் ஆய்வு 2011-இல் வெளியானது. அபிக்சபான் எடுத்தவர்களுக்குப் பக்கவாதம் பாதிக்கும் கீழே குறைந்தது. பெரிய ரத்தக்கசிவில் இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசமில்லை. ஆஸ்பிரின் சாதுவான மருந்து என்ற நினைப்புக்கு அது நல்ல பதில்.

ஸ்டென்ட் வைத்தவர்களுக்குச் சில காலம் இரண்டும் சேர்த்துக் கொடுப்பார்கள். அது எப்போது முடிகிறது என்று தேதியைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு என்று எழுதிய ஆஸ்பிரின், யாரும் நிறுத்தச் சொல்லாததால் வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

மூட்டுவலிக்கு ஏதாவது மாத்திரை போட்டுக்கலாமா?

ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன் போன்றவை வேண்டவே வேண்டாம். இவை மூன்று பக்கம் அடிக்கும்: இரைப்பையின் உள்சுவரை அரிக்கும், தட்டணுக்களின் வேலையைக் கெடுக்கும், கிட்னிக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைத்து உறைவுத் தடுப்பு மருந்தையும் தேங்கவைக்கும். கிட்னியும் துடிப்பும் சேர்ந்து கெட்டவருக்கு இதைவிட மோசமான கூட்டணி கிடையாது. பாராசிட்டமால் பரவாயில்லை, ஆனால் வார்ஃபரின் எடுப்பவர்கள் அதையும் நாள்கணக்கில் தொடர்ந்து போட்டால் ஐ.என்.ஆர். ஏறும்.

வலி மாத்திரை மட்டுமல்ல. கோட்ரைமாக்சசோல், மெட்ரோனிடசோல், ஃபுளுகோனசோல் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டும். கிளாரித்ரோமைசின், வெராபமில், அமியோடரோன் ஆகியவை புதிய மருந்துகள் சிலவற்றின் அளவை ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும், வலிப்புக்கான கார்பமசெபின், ஃபெனிடாயினும் நேர்மாறாக மருந்தின் அளவை இறக்கிவிடும். அப்போது வருவது பக்கவாத அபாயம். எந்த டாக்டர் எந்த மருந்து எழுதினாலும் 'நான் உறைவுத் தடுப்பு மாத்திரை எடுக்கிறேன், கிட்னியும் பாதித்திருக்கிறது' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பல் தேய்க்கும்போது ரத்தம் வருது, கையில நீலநீலமா இருக்கு. நிறுத்திடலாமா?

வேண்டாம். அது தொந்தரவுதான், ஆபத்தில்லை. அடிக்கடி வந்தால் அடுத்த தடவை டாக்டரிடம் சொல்லுங்கள். பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தம், ரத்த வாந்தி, காபித்தூள் போன்ற வாந்தி, சிவந்த சிறுநீர், திடீரென்று வரும் கடும் தலைவலி, தலையில் அடி, பேச்சுக் குளறல், காரணமில்லாத மூச்சிரைப்பும் மயக்கமும்: இவற்றுக்கு உடனே ஆஸ்பத்திரி.

மலம் கறுப்பாப் போகுது. இரும்புச்சத்து மாத்திரையாலன்னு விட்டுடலாமா?

கிட்னி நோயாளிகளிடம் மட்டும் அடிக்கடி வரும் குழப்பம் இது, ஏனென்றால் அவர்களில் பலர் ரத்தசோகைக்காக இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்கள். இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும், குடலுக்குள் ரத்தம் கசிந்தாலும் கறுக்கும். இரும்பால் வருவது கெட்டியாக, கரும்பச்சை கலந்த கறுப்பாக இருக்கும், நாற்றம் வழக்கமானதுதான். ரத்தத்தால் வருவது தார் மாதிரி பளபளப்பாக, பிசுபிசுவென்று ஒட்டும், தண்ணீர் ஊற்றினாலும் லேசில் போகாது. நாற்றம் தனியாகத் தெரியும்.

இருந்தாலும் கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். கூடவே களைப்பு, எழுந்து நின்றால் தலைசுற்றல், நெஞ்சுப் படபடப்பு இருந்தால் அன்றே ஹீமோகுளோபின் பாருங்கள். ஹீமோகுளோபின் இறங்கியிருந்தால் 'கிட்னி நோய் என்றால் ரத்தம் குறையத்தான் செய்யும்' என்று விட்டுவிடாதீர்கள். கிட்னியால் குறைவது மெதுவாகக் குறையும். சில வாரங்களிலேயே இரண்டு புள்ளி இறங்கினால் எங்கோ கசிகிறது என்று வைத்துக்கொண்டுதான் தேட வேண்டும்.

ஒரு வேளை மறந்துட்டேன். அடுத்த வேளைக்கு ரெண்டாப் போடலாமா?

இரண்டாக ஒருபோதும் கூடாது. இரண்டு வேளை மருந்தாக இருந்தால் ஆறு மணி நேரத்துக்குள், ஒரு வேளை மருந்தாக இருந்தால் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தால் போட்டுக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் விட்டுவிட்டு அடுத்த வேளையிலிருந்து தொடருங்கள். இவையெல்லாம் புதிய மருந்துகளுக்கு. வார்ஃபரினை அன்றைய நாளுக்குள் ஞாபகம் வந்தால் போடலாம். மறுநாளாகிவிட்டால் விட்டுவிட வேண்டியதுதான்.

இந்த இடத்தில் இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். ரிவரோக்சபானைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் மூன்றில் ஒரு பங்கு உடம்பில் சேராமலே போய்விடும். டாபிகாட்ரான் கேப்சூலைத் திறந்து கொட்டிக் கொடுக்கக் கூடாது. திறந்தால் உடம்பில் சேரும் அளவு எக்கச்சக்கமாக ஏறும். விழுங்க முடியவில்லை என்றால் மருந்தை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

பல் பிடுங்கணும், அடுத்த மாசம் கண் ஆபரேஷன் வேற. எத்தனை நாள் முன்னாடி நிறுத்தணும்?

ஒரு பல் பிடுங்குவதற்கும் கண்புரை ஆபரேஷனுக்கும் பெரும்பாலும் நாள்கணக்கில் நிறுத்த வேண்டியதில்லை. அன்றைய காலை டோஸை மட்டும் தள்ளிப்போடச் சொல்லலாம், அதுவும் தேவையில்லாமலும் போகலாம். பெரிய ஆபரேஷன் என்றால், அபிக்சபானை வழக்கமாக இரண்டு நாள் முன்பே நிறுத்துவார்கள். டாபிகாட்ரானை, கிளியரன்ஸ் 50-க்குக் கீழே இருந்தால் நான்கு நாள் முன்பே நிறுத்த வேண்டும். கிட்னி அதை அவ்வளவு மெதுவாகத்தான் வெளியேற்றும். அதனால் ஆபரேஷன் டாக்டரிடம் மருந்தின் பெயரோடு சமீபத்திய கிட்னி ரிப்போர்ட்டையும் கொடுங்கள்.

வார்ஃபரினை நிறுத்தும் நாட்களில் ஹெப்பாரின் என்ற உறைவுத் தடுப்பு ஊசி போட்டு ஈடுகட்டுவது முன்பு வழக்கம். 2015-இல் வெளியான பிரிட்ஜ் ஆய்வில், அதனால் பக்கவாதம் குறையவில்லை, ரத்தக்கசிவுதான் கூடியது என்று தெரிந்தது. இப்போது பெரும்பாலானவர்களுக்கு அந்த ஊசி தேவையில்லை. கிட்னி பாதித்தவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். சில ஹெப்பாரின் வகைகளும் கிட்னி வழியாகத்தான் போகின்றன.

வருஷக்கணக்கா வார்ஃபரின்தான். அது கிட்னியைக் கெடுக்குமாமே, மாறிடவா?

ஐ.என்.ஆர். மிக அதிகமாக ஏறும்போது கிட்னியின் வடிகட்டிகளுக்குள் ரத்தம் கசிந்து, கிட்னி சட்டென்று கெடுவது உண்டு. ரத்தக்குழாய்களில் கால்சியம் படிவதைத் தடுக்கும் ஒரு புரதத்துக்கு வைட்டமின் கே வேண்டும். வார்ஃபரின் அதையும் சேர்த்தே முடக்குகிறது. கடைசிக் கட்டக் கிட்னி நோயாளிகளிடம், அரிதாகத் தோலுக்குள் உள்ள சின்னக் குழாய்கள் அடைபட்டுக் கடுமையான வலியோடு புண்ணாகும் நிலை வரலாம். வார்ஃபரின் எடுக்கும்போது தோலில் அப்படி வலியுள்ள கரும்படலம் தெரிந்தால் அன்றே காட்ட வேண்டும்.

உணவு விஷயத்தில் கிட்னி நோயாளிக்கு ஒரு தனிச் சிக்கல். பொட்டாசியம் ஏறுகிறது, கீரையை நிறுத்துங்கள் என்பார் கிட்னி டாக்டர். கீரை நின்றதும் வைட்டமின் கே குறையும், ஐ.என்.ஆர். ஏறும். உணவை மாற்றச் சொன்னால், அந்த வாரமே ஐ.என்.ஆர். பார்த்துவிடுங்கள்.

அப்படியானால் எல்லோரும் மாறிவிடலாமா? பெரும்பாலோருக்குப் புதியவை மேல், குறிப்பாக ஐ.என்.ஆர். ஏறி இறங்கிக்கொண்டே இருப்பவர்களுக்கு. ஆனால் 2023-இல் வெளியான ஃப்ரெயில் ஏ.எஃப். ஆய்வில், தளர்ந்துபோன முதியவர்களை வார்ஃபரின் வகை மருந்திலிருந்து புதியதற்கு மாற்றியபோது ரத்தக்கசிவு குறைவதற்குப் பதில் கூடியது. எண் வருஷக்கணக்கில் ஒரே நிலையில் நிற்கும் தளர்ந்த முதியவருக்கு, மாற்றுவதற்கென்று மாற்ற வேண்டாம் என்பதே என் எண்ணமும்.

அம்மா அடிக்கடி கீழே விழுறாங்க. தலையில அடிபட்டா? அதனால நிறுத்திட்டோம்.

கேட்டதுமே பயமாகத்தான் இருக்கும். 1999-இல் ஒரு கணக்கு போட்டார்கள்: வார்ஃபரின் எடுக்கும் முதியவர் ஒருவர் வருஷத்துக்குச் சுமார் 295 தடவை விழுந்தால்தான், மூளைக்குள் ரத்தம் கசியும் ஆபத்து பக்கவாதத் தடுப்பின் நன்மையை மிஞ்சும் என்று. அது கணிப்புதான், கிட்னி நோயாளிகளுக்கென்று போட்டதும் அல்ல. ஆனாலும் விழுகிறார் என்ற ஒரே காரணத்துக்காக நிறுத்தக் கூடாது என்பது அதில் தெரிகிறது. ஏன் விழுகிறார் என்று பாருங்கள்: எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்குகிறதா, தூக்க மாத்திரையா, கண்ணா. தலையில் அடிபட்டால் மட்டும், வெளியே காயமே இல்லாவிட்டாலும் ஸ்கேன் எடுக்க வேண்டும்.

டயாலிசிஸ் போகுது. ஒரு டாக்டர் போடுங்கறார், இன்னொருத்தர் வேண்டாங்கறார். யாரை நம்புறது?

இருவருமே தப்பாகச் சொல்லவில்லை. புதிய மருந்துகளின் பெரிய ஆய்வுகள் எல்லாமே கிட்னி கடுமையாகப் பாதித்தவர்களை வெளியே வைத்துவிட்டுத்தான் நடந்தன. கிளியரன்ஸ் 25 அல்லது 30-க்குக் கீழே இருந்தவர்களைச் சேர்க்கவே இல்லை. டயாலிசிஸ் நோயாளிகளிடம் அபிக்சபானைச் சோதித்த ரீனல் ஏ.எஃப். ஆய்வில் 154 பேர், ஆக்சாடியா ஆய்வில் 97 பேர். போதுமான ஆட்கள் இல்லாததால் இரண்டாலும் முடிவாக எதையும் சொல்ல முடியவில்லை. அமெரிக்காவில் டயாலிசிஸ் நோயாளிக்கு அபிக்சபான் கொடுக்கலாம் என்று மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது. ஐரோப்பாவில் கிளியரன்ஸ் 15-க்குக் கீழே பரிந்துரைப்பதில்லை. இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொல்வதில் ஆச்சரியம் என்ன?

எனவே இங்கே ஆளைப் பார்த்துத்தான் முடிவு. முன்பே பக்கவாதம் வந்தவரா, வயிற்றில் கசிந்த வரலாறு உண்டா என்பது எடைபோடப்படும். டயாலிசிஸ் மெஷினில் ஹெப்பாரின் போடுகிறார்களா என்பதையும் கேளுங்கள்; மாத்திரையும் இருந்தால் ஹெப்பாரினைக் குறைக்கலாம், நிறுத்தவும் செய்யலாம். ஊசி எடுத்த பிறகு ஃபிஸ்டுலாவில் (டயாலிசிஸுக்காகக் கையில் இணைத்துவைத்த ரத்தக்குழாயில்) ரத்தம் நிற்க முன்பைவிட ரொம்ப நேரமாகிறது என்றால் அதை டயாலிசிஸ் யூனிட்டில் சொல்ல வேண்டும். அங்கே அதைக் குறித்துவைத்து டோஸைப் பார்ப்பார்கள்.

மாத்திரையே இல்லாம, இதயத்துக்குள்ள ஏதோ மூடி வைக்கிறாங்களாமே?

உண்டு. முதல் கேள்வியில் சொன்ன அந்த மடிப்பின் வாயை, தொடை ரத்தக்குழாய் வழியாக ஒரு கருவியைக் கொண்டுபோய் அடைப்பார்கள். நீண்டகாலம் மாத்திரை எடுக்கவே முடியாதவர்களுக்கு, உதாரணமாகத் திரும்பத் திரும்ப ரத்தம் கசிபவர்களுக்கு, இது ஒரு வழி. வைத்த மறுநாளே எல்லா மாத்திரையும் நின்றுவிடாது. கருவியின் மேல் திசு மூடும்வரை சில வாரங்களோ மாதங்களோ ஏதாவது ஒரு மருந்து வேண்டும்.

பெரிசா ரத்தம் போனா அதை நிறுத்த மருந்து இருக்கா?

வார்ஃபரினுக்கு வைட்டமின் கே ஊசியும், உறைதல் காரணிகளைச் செறிவாகத் தரும் மருந்தும் உண்டு. டாபிகாட்ரானுக்கு இடாருசிசுமாப் என்ற முறிமருந்து 2015-இல் வந்தது. டயாலிசிஸ் செய்தும் டாபிகாட்ரானில் பெரும்பகுதியை வெளியே எடுக்கலாம். அபிக்சபான், ரிவரோக்சபான் டயாலிசிஸில் வெளியேறாது. அவற்றுக்கும் பெரும்பாலும் அதே உறைதல் காரணி மருந்தைத்தான் கொடுக்கிறார்கள். என்ன மருந்து, கடைசி டோஸ் எத்தனை மணிக்கு என்ற இரண்டு தகவலும் இல்லாமல் அவசரப் பிரிவில் தடுமாறுவார்கள். ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸில் வைத்திருங்கள்.

வயித்துல ரத்தம் கசிஞ்சு ஆஸ்பத்திரில மாத்திரையை நிறுத்திட்டாங்க. வீட்டுக்கு வந்தாச்சு. திரும்ப ஆரம்பிக்கணுமா?

பெரும்பாலும் ஆரம்பிக்க வேண்டியிருக்கும். எப்போது என்பதுதான் கேள்வி. வயிறு, குடல் கசிவு என்றால், கசிந்த இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, ஹீமோகுளோபின் நிலையாக நின்ற பிறகு, வழக்கமாக ஒரு வாரத்துக்குப் பின் யோசிப்பார்கள். மூளைக்குள் கசிந்திருந்தால் பல வாரங்கள் ஆகலாம், சிலருக்கு ஆரம்பிக்காமலே விடவும் செய்வார்கள். ஆரம்பிக்கும்போது மருந்தையோ டோஸையோ மாற்றலாம், இரைப்பையைக் காக்கும் மாத்திரை சேர்க்கலாம், தேவையில்லாத ஆஸ்பிரினை எடுத்துவிடலாம். கசிவின்போது கிட்னியும் அடிவாங்கியிருக்கும் என்பதால் கிளியரன்ஸைப் புதிதாகக் கணக்குப் போட வேண்டும்.

டிஸ்சார்ஜ் சீட்டில் 'நிறுத்தவும்' என்று மட்டும் இருந்து, எதுவரை என்று இல்லாவிட்டால் அதே வாரத்தில் இதய டாக்டரையும் கிட்னி டாக்டரையும் பார்த்துத் தேதி கேளுங்கள். இருவரில் யார் முடிவெடுக்கப்போகிறார் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் சொல்வார் என்று இவரும், இவர் சொல்வார் என்று அவரும் இருந்துவிடுவார்கள்.